கரி எங்கே போட்டார்கள்?

1

பாடியில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் மாதம் ஒருமுறை கூடுவது வழக்கம். லூகாஸ் பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் நண்பர் ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் கீற்றுக் கொட்டகை போட்டிருக்கிறோம். ஒருவர் பேசுவார், மற்றவர்கள் கேட்போம், பிறகு தேநீர். சில மாதங்களுக்கு முன் நடந்த கூட்டத்தில் வெளியூரிலிருந்து வந்த பேச்சாளர் ஒருவர் எம்டன் கப்பலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். அவர் குரல்வளம் மிக்கவர். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைக் கடலில் ஜெர்மானிய நீர்மூழ்கி எழுந்ததையும், அதன் மேல்தளத்தில் செண்பகராமன் பிள்ளை நின்று "அதோ, வெள்ளையனின் எண்ணெய்க் கிடங்கு, சுடுங்கள்" என்று ஆணையிட்டதையும், பொதுமக்கள் மீது ஒரு குண்டும் விழாதபடி அவரே குறி பார்த்துக் கொடுத்ததையும் அவர் விவரித்தபோது கொட்டகையே சிலிர்த்துப் போனது. கைதட்டல் அடங்கச் சற்று நேரமானது.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். எண்பதைத் தாண்டியவர். நீராவி ரயில் எஞ்சின்களில் பயர்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் கூட்டங்களுக்குத் தவறாமல் வருவார். எதுவும் பேச மாட்டார். அன்று கேட்டார்: "ஐயா, எனக்கு ஒரு சந்தேகம். அந்தக் கப்பலுக்குக் கரி எங்கே போட்டாங்க?"

பேச்சாளர் புன்னகைத்தார். "பெரியவரே, நாம இங்கே வரலாறு பேசிக்கிட்டிருக்கோம். கரிக்கணக்கு அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பெரியவர் உட்கார்ந்துவிட்டார்.

அந்தச் சிரிப்புக்கு நான் செலுத்தும் அபராதமாக இந்தக் கட்டுரையை வைத்துக்கொள்ளுங்கள். அன்று கொட்டகையில் வரலாறு பேசியவர் அந்த ஒருவர்தான் என்பது என் வாதம். கவிதையையும் தத்துவத்தையும் அரசியலையும் அலசிப் பிழியத் தெரிந்த நமக்கு ஓர் இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று கேட்பது இழிவாகத் தோன்றுகிறது. அந்த அலட்சியம் காரணமாகவே எவர் எந்தக் கதையைச் சொன்னாலும் நம்பிவிடுகிறோம்.

2

முதலில் கரியைப் பற்றிப் பேசுவோம். நீராவிக் காலத்துக் கடற்படைகளின் வரலாறு ஏறத்தாழ அந்தப் பெரியவரின் கேள்விக்கான விடைதான்.

பாய்மரக் கப்பலுக்குக் காற்று இலவசம். தண்ணீரும் உணவும் இருந்தால் மாதக்கணக்கில் கடலில் கிடக்கலாம். கொதிகலன் வந்ததும் இந்தச் சுதந்திரம் போயிற்று. 1859இல் பிரான்ஸ் மரக்கட்டைக்கு மேல் இரும்புக் கவசம் பூட்டிய 'குளோயர்' என்ற போர்க்கப்பலைக் கடலில் இறக்கியது. மறு ஆண்டே இங்கிலாந்து முழுக்க இரும்பால் கட்டிய 'வாரியர்' என்ற கப்பலை இறக்கிப் பதில் சொன்னது. அக்காலத்தின் மிக வலிமையான போர்க்கப்பல் அது. இன்றும் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் காட்சிப்பொருளாக நிற்கிறது. பார்த்தால் வியப்பாக இருக்கும்: இத்தனை பெரிய நீராவி எஞ்சின் இருந்தும் மூன்று பாய்மரங்கள்! காரணம் எளியது. அது சுமக்கக்கூடிய கரி சுமார் 850 டன். முழுக்க எஞ்சினையே நம்பினால் பத்து நாள் ஓட்டத்துக்குக்கூட அது காணாது. சண்டைக்கு நீராவி, பயணத்துக்குப் பாய் என்பதே ஏற்பாடு.

பாய்மரத்தை அறவே துறந்தால் என்ன ஆகும்? இதற்கான விடை நம் நாட்டிலேயே முப்பதாண்டுக் காலம் நின்றது. நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? 1870இல் லண்டன் தேம்ஸ் நதிக்கரையில் இரண்டு கவசக் கப்பல்கள் பம்பாய்த் துறைமுகத்தின் காவலுக்காகவே கட்டி இறக்கப்பட்டன. ஒன்றின் பெயர் 'அபிசீனியா', மற்றொன்று 'மக்தலா'. 1868இல் ராபர்ட் நேப்பியர் தலைமையில் பம்பாயிலிருந்து அபிசீனியாவின் மீது சென்ற படையெடுப்பின் நினைவாக வைத்த பெயர்கள் அவை. அந்தப் படையில் நம் சென்னை மாகாணத்துச் சாப்பர்ஸ் படைப்பிரிவும் போயிற்று. (நம் கடற்கரையின் நேப்பியர் பாலத்துக்குப் பெயர் தந்தவர் வேறு நேப்பியர், அன்றைய சென்னை ஆளுநர்.)

தாழ்ந்த உடல், நடுவே இரும்பு அரண், அதன் இரு முனைகளிலும் சுழலும் பீரங்கி மேடைகள், மேடைக்கு இரண்டாகப் பத்து அங்குலப் பீரங்கிகள் நான்கு. பாய் கிடையாது. இதே அச்சில் எட்வர்ட் ரீட் வடிவமைத்த 'செர்பரஸ்' ஆஸ்திரேலியாவின் மெல்போர்னுக்குப் போயிற்று. பெருங்கடலில் செல்லும் பாயற்ற போர்க்கப்பல்களின் வரிசை இவற்றுக்குப் பின்னர்தான் தொடங்குகிறது. கப்பற்கலை வரலாற்றில் ஒரு திருப்பத்தின் சாட்சிகள் இவை.

ஆனால் இந்தப் பாயற்ற கப்பலை இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்குக் கொண்டுவர என்ன செய்தார்கள் தெரியுமா? மக்தலாவுக்குத் தற்காலிகமாக மூன்று பாய்மரங்களை நட்டுத்தான் 1870-71 குளிர்காலத்தில் ஓட்டி வந்தார்கள்! பம்பாய் வந்து சேர்ந்த பிறகு அவை துறைமுகத்தை விட்டு நகர்ந்ததே அபூர்வம். பீரங்கிப் பயிற்சிக்குக் கொஞ்ச தூரம் போய்த் திரும்பும். ஒரு போரிலும் கலந்துகொள்ளவில்லை. 1903, 1904இல் அடுத்தடுத்து விற்கப்பட்டன. செர்பரஸ் என்பது கிரேக்கப் புராணத்தில் பாதாள வாசலைக் காக்கும் நாயின் பெயர். நம் பம்பாய்க் கப்பல்களும் சங்கிலியில் கட்டிய காவல் நாய்கள்தாம். அந்தச் சங்கிலி கரியால் ஆனது.

பிரிட்டிஷ் கடற்படையின் வல்லமை பீரங்கியில் மட்டும் இல்லை. ஏடன், பம்பாய், கொழும்பு, திருகோணமலை, சிங்கப்பூர் என்று வழிநெடுகக் கரிக்கிடங்குகள் வைத்திருந்ததில் அதன் பாதி இருந்தது. சாம்ராஜ்யத்தின் வரைபடத்தை எடுத்துக் கரி கிடைக்கும் துறைமுகங்களைப் புள்ளியிட்டுப் பாருங்கள். அத்தனை சிறிய தீவுகளை அவர்கள் ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்பது விளங்கும். இந்தப் புள்ளிகள் இல்லாத ஒரு தேசத்தின் போர்க்கப்பல் இந்துமாக்கடலில் தனியாக இறங்கினால் அதன் கதி என்ன? பெரியவர் கேட்டது இதைத்தான்.

3

இனி எம்டன். அது நீர்மூழ்கி என்று இன்றும் மேடையில் சொல்கிறார்கள், இதழ்களில் எழுதுகிறார்கள். அது மேற்பரப்பில் ஓடும் இலகுவகைக் குரூசர். பெரும் போர்க்கப்பல்கூட இல்லை. மூன்று புகைபோக்கிகள் உண்டு. பிரிட்டிஷ் கப்பல் என்று பிறர் மயங்கும்படி நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியையும் கட்டிக்கொண்டு திரிந்தது. நான்கு புகைபோக்கியோடு நீருக்குள் மூழ்கும் கப்பலை ஜெர்மானியர்கள் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. நம் பேச்சாளர்கள்தாம் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

1908 மே மாதம் டான்சிக்கில் கடலில் இறக்கப்பட்ட கப்பல் அது. அதன் உடன்பிறப்பான 'டிரெஸ்டன்' புதிய டர்பைன் எஞ்சினைப் பெற்றது. எம்டனுக்குக் கிடைத்தது பழைய பாணி: பிஸ்டன் ஏறி இறங்கும் மும்மடி விரிவு நீராவி எஞ்சின்கள் இரண்டு, கரி எரிக்கும் பன்னிரண்டு கொதிகலன்கள். 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் பத்து. கரிக்கிடங்கின் கொள்ளளவு எண்ணூறு டன் அளவில். நிதானமான பன்னிரண்டு நாட் வேகத்தில் போனால் சுமார் 3,700 கடல் மைல் போகலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டு வாரம் வராது. வேகத்தைக் கூட்டினால் சில நாட்கள்தான்.

ஆனால் எம்டன் மூன்று மாதம் ஓடியது. சீனக் கடற்கரையில் ஜெர்மனியின் வசமிருந்த சிங்தாவ் துறைமுகத்தை விட்டு ஆகஸ்டில் கிளம்பியது. பசிபிக்கின் பாகன் தீவில் அட்மிரல் ஃபான் ஸ்பேயின் அணியிலிருந்து பிரிந்து கேப்டன் கார்ல் ஃபான் முல்லரின் தலைமையில் தனியே இந்துமாக்கடலுக்குள் நுழைந்தது. அதன் பிறகு நட்புத் துறைமுகம் ஒன்றையும் அது காணவில்லை. எப்படி ஓடியது?

துணைக்கு 'மார்கோமானியா' என்ற கரிக்கப்பல் வந்தது. அது போதாது. செப்டம்பர் 10ஆம் தேதிவாக்கில் வங்கக் கடலில் முதலில் அகப்பட்டது 'பொன்டோபோரோஸ்' என்ற கிரேக்கக் கப்பல். அதில் ஆறாயிரம் டன்னுக்கும் மேல் இந்திய நிலக்கரி. முல்லர் அதை மூழ்கடிக்கவில்லை, கூடவே அழைத்துக்கொண்டார். மூன்று நாள் கழித்துச் சிக்கிய 'கில்லின்' கப்பலிலும் கரிதான். கையிலிருப்பதே போதும் என்ற நிலையில் அது மூழ்கடிக்கப்பட்டது. செப்டம்பர் 27 அன்று இலங்கைக்கு மேற்கே 'பியூரெஸ்க்' சிக்கியது. பிரிட்டிஷ் கடற்படைக்காக ஹாங்காங்குக்குப் போய்க்கொண்டிருந்த உயர்தர வேல்ஸ் கரி ஆறாயிரத்து ஐந்நூறு டன் அளவுக்கு அதில் இருந்தது. எதிரியின் கரி, எதிரியின் கப்பலிலேயே, வீடு தேடி வந்தது. அக்டோபரில் டியேகோ கார்சியா தீவில் நின்று கரி ஏற்றிக்கொண்டார்கள். போர் தொடங்கிய செய்தியே அந்தத் தீவுக்கு அதுவரை எட்டியிருக்கவில்லை.

கரி ஏற்றுவது என்றால் என்ன என்றும் நினைத்துப் பார்க்க வேண்டும். நடுக்கடலில் இரண்டு கப்பல்களை உரசாமல் அருகருகே நிறுத்தி, மூட்டை மூட்டையாக அள்ளிக் கட்டித் தூக்கி, மறு கப்பலின் குழிக்குள் கொட்டி, அதை அங்கே ஒருவன் மூச்சுத் திணறப் பரப்ப வேண்டும். வெப்பமண்டல வெயிலில், அடிவானத்தில் எதிரியின் புகை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே. கிடங்கு நிறைந்தால் மேல்தளத்தில் குவித்தார்கள். எம்டனின் தீரம் என்று நாம் சிலிர்ப்பதில் பெரும்பகுதி மண்வாரி பிடித்த இந்தக் கைகளின் தீரம். அதைப் பற்றி ஒரு மேடையிலும் ஒரு சொல் கேட்டதில்லை.

இந்தப் பின்னணியில் சென்னை இரவைப் பாருங்கள். இரவு ஒன்பதரை மணி அளவில், சுமார் மூவாயிரம் கெஜத் தொலைவில் நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை நோக்கி நூற்றிருபத்தைந்திலிருந்து நூற்றிமுப்பது குண்டுகள். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. தொட்டிகள் பற்றி எரிந்தன. சில குண்டுகள் ஊருக்குள்ளும் விழுந்தன. உயர்நீதிமன்ற வளாகச் சுவரில் அதற்கு நினைவுக்கல் இருக்கிறது. துறைமுகத்தில் நின்ற கப்பலில் இருந்தவர்கள் சிலர் உயிரிழந்தார்கள். "பொதுமக்கள் மீது ஒரு குண்டும் விழாதபடி" என்ற வாக்கியம் அவர்கள் பிணத்தின் மேல் நின்று பேசுவது. அடுத்த நாட்களில் ஆயிரக்கணக்கானோர் நகரை விட்டு ஓடினார்கள். அன்றைய பாடி நகருக்கு வெளியே வயலும் ஏரியும் சூழ்ந்த சிற்றூர். 'பாடி' என்றால் படை தங்கும் இடம் என்றும் அகராதியில் ஒரு பொருள் உண்டு. எந்தப் படையும் வரவில்லை. எம்டன் ஏற்கெனவே தெற்கே போய்விட்டிருந்தது. கரி எரிந்துகொண்டிருக்கும் கப்பலுக்கு நின்று வேடிக்கை பார்க்க நேரமில்லை.

4

செண்பகராமன் எம்டனில் இருந்தாரா என்ற கேள்விக்கு வருவோம். நான் இல்லை என்கிறேன். காரணங்களைச் சொல்லிவிடுகிறேன்.

எம்டன் 1910 முதல் கிழக்காசியக் கடலில் இருந்த கப்பல். போர் தொடங்கிய பிறகு அது ஜெர்மனிக்குத் திரும்பவே இல்லை. 1914இல் செண்பகராமன் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் இருந்தார். அங்கிருந்து 'புரோ இந்தியா' என்ற இதழை நடத்தினார். அந்தச் செப்டம்பரில் சர்வதேச இந்திய ஆதரவுக் குழுவின் தலைவராக அங்கே இயங்கிக்கொண்டிருந்தார். பின்னர் பெர்லின் சென்று வீரேந்திரநாத் சட்டோபாத்யாயா முதலியோருடன் சேர்ந்தார். ஜூரிச்சிலிருந்து வங்கக் கடலுக்கு எந்த வழியாக வந்தார்? ரயிலில் வந்தால் எதிரி நாடான ரஷ்யா. கப்பலில் வந்தால் பிரிட்டிஷாரின் சூயஸ். சரி, வந்தார் என்றே வைத்துக்கொண்டாலும் எந்தத் துறைமுகத்தில் எம்டனில் ஏறினார்? அதற்குத்தான் துறைமுகமே இல்லையே! கரிக்கணக்கு தெரிந்தவனுக்கு இந்தக் கேள்வி முதல் நொடியிலேயே எழும்.

அவருக்குத் தரப்படும் பதவியும் சொல்பவரைப் பொறுத்து மாறுகிறது. ஒருவருக்குத் துணைத் தளபதி, மற்றொருவருக்குப் பொறியாளர், இன்னொருவருக்கு மருத்துவர். எம்டனின் முதல் அதிகாரி ஹெல்முத் ஃபான் மூக்கே. தலைமைப் பொறியாளர் எல்லர்புரோக். மருத்துவர் லூத்தர். எல்லா நாற்காலிகளிலும் ஆள் இருக்கிறார்கள். மூக்கே தன் அனுபவங்களை நூலாக எழுதினார். கப்பலில் டார்பிடோ அதிகாரியாக இருந்த ஹோகன்சாலர்ன் இளவரசர் ஃபிரான்ஸ் யோசப்பும் எழுதினார். எம்டனில் துணி வெளுக்கச் சீனத் தொழிலாளர் சிலர் இருந்தார்கள் என்பதும் அவர்கள் கடைசிச் சண்டையில் இறந்தார்கள் என்பதும்கூடப் பதிவாகியிருக்கின்றன. சலவைக்காரர்களை மறக்காத வரலாறு, பீரங்கிக்குக் குறி சொன்ன இந்தியத் துணைத் தளபதியை மறந்துவிட்டதாம். நம்பச் சொல்கிறார்கள்.

"சென்னையை ஏன் தாக்க வேண்டும்? ஓர் இந்தியர் சொல்லாமல் நடந்திருக்குமா?" என்று கேட்பார்கள். கேப்டன் முல்லர் இதற்குத் தாமே காரணம் சொல்லியிருக்கிறார். இந்திய மக்களிடையே பரபரப்பு எழ வேண்டும், ஆங்கிலேய வணிகம் குலைய வேண்டும், அவர்கள் கௌரவம் சரிய வேண்டும். இதற்கு ஒரு தமிழர் காதோடு சொல்லித்தர வேண்டியதில்லை. பகைவன் பணம் எங்கே இருக்கிறது என்று எந்தக் கப்பல் தலைவனுக்கும் தெரியும். துறைமுகமும் கலங்கரை விளக்கமும் வேறு விளக்கேற்றி வழிகாட்டிக்கொண்டிருந்தன.

5

இன்னொரு தரப்பு உண்டு. இவர்கள் கதை பொய் என்று ஒப்புக்கொள்வார்கள். "ஆனால் மக்களின் கற்பனைக்கு ஒரு நியாயம் இருக்கிறது. வெள்ளையனைச் சுட்ட கப்பலில் நம்மவன் ஒருவன் இருக்க வேண்டும் என்ற ஆசைதான் தொன்மமாகிறது. அதை ஆவணம் கொண்டு அடிப்பது நுண்ணுணர்வற்ற செயல்" என்பார்கள். நம் இதழ்களில் பழக்கமான வாதம். இதற்குத்தான் நான் கோபத்தோடு பதில் சொல்ல விரும்புகிறேன்.

மக்களின் கற்பனை என்ன செய்தது என்பதற்கு நம் மொழியே சான்று. 'எம்டன்' என்ற சொல்லை அது எடுத்துக்கொண்டது. கைக்கு அகப்படாதவன், கண்டிப்பானவன், எதிலும் வல்லவன் என்று ஆளுக்குப் பெயராக வைத்தது. மலையாளத்திலும் சிங்களத்திலும் அந்தச் சொல் வாழ்கிறது. 2006இல் 'எம்டன் மகன்' என்று பெயரிட்ட திரைப்படம், தமிழ்ப் பெயருக்கு மட்டுமே வரிவிலக்கு என்றதும் 'எம் மகன்' ஆயிற்று. ஒரு நூற்றாண்டாக நம் பாட்டிமார் திட்டிய சொல்லைத் தமிழில்லை என்று அரசாணை தள்ளியது வேறு கதை. மக்கள் கற்பனை எம்டனை மனிதனாக்கியது. அது அழகு. ஆனால் அந்தக் கப்பலின் மேல்தளத்தில் ஒரு தியாகியை ஏற்றி நிறுத்தித் தேதியும் பதவியும் கொடுத்தவர்கள் மக்கள் இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். அவர்கள் எழுதியது தொன்மம் ஆகாது, தவறான தகவல் என்றே அதற்குப் பெயர்.

அந்தத் தகவல் எதை மறைக்கிறது என்றும் பாருங்கள். எம்டனை விடுதலைக் கப்பலாக்குகிறோம். அது சென்னைக்கு வருவதற்கு மூன்றரை ஆண்டுகளுக்கு முன், 1911 ஜனவரியில், இதே எம்டன் பசிபிக் பெருங்கடலில் ஜெர்மனியின் காலனியாக இருந்த போனப்பே தீவில் நின்றது. ஜெர்மானியர்கள் சுமத்திய கட்டாயச் சாலை வேலையும் அடியும் பொறுக்காமல் சோகேஸ் மக்கள் 1910 அக்டோபரில் கிளர்ந்தெழுந்து மாவட்ட ஆணையரைக் கொன்றார்கள். அவர்களை ஒடுக்கப் போன படையில் எம்டன் இருந்தது. கிளர்ச்சிக்காரர்கள் 15 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நானூறுக்கும் மேற்பட்ட சோகேஸ் மக்கள் வேறு தீவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். நம் பேச்சாளர் சிலிர்க்கச் சிலிர்க்கப் புகழ்ந்த பீரங்கிகள் இவைதாம். ஏகாதிபத்தியத்தை எதிர்த்தவர்களுக்கு எம்டன் தந்த பரிசு அது. இதையும் அறிந்துகொண்டு, இந்தக் கப்பலில் செண்பகராமனை நிறுத்துவது அவருக்குச் செய்யும் மரியாதைதானா என்று யோசியுங்கள்.

உண்மையான செண்பகராமன் இந்தக் கதைக்குக் கீழே நசுங்கிக் கிடக்கிறார். பதின்வயதில் திருவனந்தபுரத்திலிருந்து கிளம்பி ஐரோப்பா போன தமிழ் இளைஞர், இருபத்து மூன்று வயதில் ஒரு குழுவுக்குத் தலைவராகிறார். 1915 டிசம்பரில் காபூலில் அறிவிக்கப்பட்ட இந்தியத் தற்காலிக அரசில் வெளியுறவுப் பொறுப்புக்கு அவர் பெயர் இருந்தது. கடிதம், அச்சகம், துண்டறிக்கை, தூதரகத்தின் வரவேற்பறையில் மணிக்கணக்கில் காத்திருப்பது ஆகியவையே அவர் போர். அந்நிய மண்ணில் இப்படி இருபதாண்டு தேய்வதற்கு வேண்டிய தைரியம், பீரங்கியருகே ஓர் இரவு நிற்கும் தைரியத்துக்குக் குறைந்ததா? 1934இல் பெர்லினில் இறந்தார். மனைவி லட்சுமிபாய் அஸ்தியைக் காத்து வைத்திருந்து 1966இல் கொண்டுவந்தார். கொச்சிக்கு அதைச் சுமந்து வந்தது இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். டில்லி.

அந்தக் கப்பலின் பூர்வீகம் தெரியுமா? நியூசிலாந்தின் 'அக்கிலிஸ்' என்ற குரூசரே 1948இல் நம்மிடம் வந்து டில்லி ஆயிற்று. 1939 டிசம்பரில், தென்னமெரிக்காவின் பிளேட் நதி முகத்துவாரத்தருகே ஹிட்லரின் 'அட்மிரல் கிராஃப் ஸ்பே' போர்க்கப்பலை எதிர்த்துச் சண்டையிட்ட மூன்று கப்பல்களில் அக்கிலிஸ் ஒன்று. அந்த கிராஃப் ஸ்பே, 1914இல் எம்டன் பிரிந்து வந்த அணியின் அதே தளபதி ஸ்பேயின் பெயரைத் தாங்கியது. வரலாறு செண்பகராமனுக்கு ஒரு போர்க்கப்பலைக் கொடுத்துத்தான் இருக்கிறது. விடுதலை பெற்ற நாட்டின் கப்பலில் அவர் ஊர் திரும்பினார். எந்தப் பொய்யாலும் இதைவிடப் பெரிய காட்சியைக் கட்ட முடியாது. இதை நம் மேடைகளில் சொல்ல ஆளில்லை.

6

நீராவியைக் கையில் எடுத்த தமிழர் வேண்டுமென்றால் வேறொருவர் இருக்கிறார். 1906 அக்டோபரில் தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்து, பங்கு ஒன்று 25 ரூபாய் என்று ஊர் ஊராகப் போய்ப் பணம் திரட்டி, 'காலியா', 'லாவோ' என்ற இரு நீராவிக் கப்பல்களை வாங்கி ஓட்டிய வ.உ.சிதம்பரம் பிள்ளை. கப்பல் மேடைப்பேச்சில் ஓடாது என்று அவருக்குத் தெரியும். கொதிகலன் வேண்டும், கரி வேண்டும், மாலுமி வேண்டும், துறைமுக அனுமதி வேண்டும், கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போகும் போட்டிக் கம்பெனியைத் தாங்க முதல் வேண்டும். பிரிட்டிஷார் அவரைக் கண்டு அஞ்சியதும் அதனால்தான். 1908 மார்ச்சில் கைது செய்தார்கள். டான்சிக்கில் எம்டன் கடலில் இறங்கிய அதே மே மாதத்தில் அவர் சிறையிலிருந்தார். 1912 டிசம்பரில் வெளிவந்தபோது நாவாய்ச் சங்கம் இல்லை, கப்பல்களும் இல்லை. எம்டன் குண்டு போட்ட காலத்தில் சென்னையில் வறுமையோடு வாழ்ந்துகொண்டிருந்தார். அந்த இரவைப் பற்றிப் பேசும் எவரும் கரியின் விலை அறிந்த அந்த மனிதரை நினைப்பதில்லை.

'கப்பலோட்டிய தமிழன்' என்ற பட்டத்தைச் சொல்லிச் சொல்லி அந்தக் கப்பல் எப்படி ஓடியது என்று கேட்பதையே விட்டுவிட்டோம். பட்டம் தந்தாயிற்று, கேள்வி முடிந்தது.

7

சென்ற மாதம் அந்தப் பெரியவரின் வீட்டுக்குப் போனேன். கொட்டகையில் சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. "கிடைச்சுதா, கரி எங்கேன்னு?" என்றார். பொன்டோபோரோஸையும் பியூரெஸ்க்கையும் பற்றிச் சொன்னேன். முதலில் கிடைத்தது இந்தியக் கரி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அது எரியும். ஆனா புகை ஜாஸ்தி. சாம்பலும் கட்டிக்கும், குத்திக் குத்தி எடுக்கணும். ஒளிஞ்சு ஒளிஞ்சு போற கப்பலுக்கு அது ஆகாது தம்பி. தூரத்திலேயே புகை காட்டிக் கொடுத்துடும். அந்த வெள்ளைக்காரக் கேப்டன் நல்ல கரிக்குத் தவிச்சிருப்பானே?"

அப்படித்தான் நடந்தது. இந்தியக் கரியின் கரும்புகை எம்டனுக்குப் பெரும் தலைவலியாக இருந்தது. பியூரெஸ்க்கின் வேல்ஸ் கரி கிடைத்தது அவர்களுக்குப் புதையல் கிடைத்த மாதிரி. நூல்களைப் புரட்டி நான் தேடிக் கண்டுபிடித்ததை, ஒரு நூலும் படிக்காமல், தன் தோளின் நினைவிலிருந்து அவர் சொன்னார். பினாங்கில் எம்டன் ரஷ்யக் குரூசர் ஒன்றையும் பிரெஞ்சு நாசகாரி ஒன்றையும் மூழ்கடித்தது, நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவில் ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' அதைச் சிதைத்தது, நூற்றுமுப்பது பேருக்கு மேல் மாண்டது எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கீழே பாய்லர்கிட்டே இருந்தவங்க எத்தனை பேர் தப்பிச்சாங்க?" என்று கேட்டார்.

நான் அதைத் தேடியிருக்கவில்லை. தேட வேண்டும் என்று தோன்றியிருக்கவும் இல்லை.

எங்கள் அடுத்த கூட்டத்தில் நீராவி எஞ்சினைப் பற்றிப் பேசும்படி அவரைக் கேட்டிருக்கிறேன். சம்மதித்திருக்கிறார். செண்பகராமன் எம்டனில் இருந்தார் என்று இன்னும் நம்பும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்தக் கப்பலின் ஆள் பட்டியலில் அவர் பெயரையோ, அதில் பணியாற்றிய ஒருவரின் எழுத்தில் அவரைப் பற்றிய ஒரு வரியையோ காட்டுங்கள். இதே பக்கத்தில் என் பிழையை ஒப்புக்கொள்கிறேன். காட்ட முடியாதென்றால் அடுத்த மேடையில் அந்தக் கதையை விட்டுவிடுங்கள். பின்வரிசையிலிருந்து யாராவது கரியைப் பற்றிக் கேட்டால் சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.